எட்டு ஆண்டெனாவும் ஒரு பாஸ்வேர்டும்

வீட்டுக்கு வாங்கும் ரவுட்டர் எளியதாக இருக்கவேண்டுமா, உயர்ரகமாக இருக்கவேண்டுமா? தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று பேட்டைக்குப் பேட்டை பதில் மாறுகிறது. கடைக்காரர் சொல்லும் பதில் மட்டும் மாறுவதே இல்லை.

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். முதல் குண்டு வெடிக்கச் சில நிமிடங்களுக்கு முன்பு பத்திரிகை அலுவலகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று துருவிய போலீசார் நவி மும்பையில் சான்பாடாவில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டில் போய் நின்றார்கள். அங்கே குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். அவருக்கும் சதிக்கும் சம்பந்தமில்லை. அவர் வீட்டு வைஃபை ரவுட்டருக்குச் சரியான பூட்டு இல்லை. அவ்வளவுதான். யாரோ வெளியிலிருந்தபடியே அதைப் பயன்படுத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

கதை அங்கே முடியவில்லை. ஆகஸ்ட் 23 அன்று அடுத்த மின்னஞ்சல் வந்தது. இம்முறை தடயம் மாட்டுங்காவில் உள்ள கால்சா கல்லூரியின் வைஃபைக்கு இட்டுச்சென்றது. செப்டம்பர் 13 அன்று டெல்லியில் குண்டுகள் வெடித்தபோது வந்த மின்னஞ்சல் செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபையிலிருந்து போயிருந்தது. பூட்டில்லாத வைஃபையைத் தேடி லேப்டாப்புடன் ஊரைச் சுற்றியிருக்கிறார்கள் என்றது போலீஸ். 2008 அக்டோபரில் கைதானவர்களில் புனேயைச் சேர்ந்த ஒரு கம்ப்யூட்டர் பொறியாளரும் இருந்தார். 2009 ஜனவரியில் மும்பை போலீசாரே கருவிகளை எடுத்துக்கொண்டு, எங்கெல்லாம் வைஃபை திறந்து கிடக்கிறது என்று பார்க்கக் கிளம்பினார்கள்.

மூன்று மின்னஞ்சல்கள், மூன்று ரவுட்டர்கள். அவற்றில் இரண்டு, தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் பேட்டைகளில். அப்போது வைஃபை வசதிபடைத்தவர்களின் சமாசாரம். இன்று தாராவியின் பத்துக்குப் பதினைந்து அறையிலும் ஒரு ரவுட்டர் கண்சிமிட்டுகிறது. 2020-ல் ஊரடங்கு வந்து பள்ளியும் அலுவலகமும் வீட்டுக்குள் புகுந்தபிறகு அது அரிசி, பருப்பு போல அத்தியாவசியப் பொருளாகிவிட்டது. ஆனால் அரிசி வாங்கும்போது கேட்கும் கேள்விகளில் பாதியைக்கூட ரவுட்டர் வாங்கும்போது யாரும் கேட்பதில்லை.

லாமிங்டன் ரோடு மயக்கம்

எலெக்ட்ரானிக்ஸ் பொருள்களுக்குப் பேர்போன லாமிங்டன் ரோட்டுக்குப் போனால் இரண்டு வகை ரவுட்டர்களைக் காட்டுவார்கள். ஒன்று, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு இரண்டோ நான்கோ ஆண்டெனாவுடன் ஒரு சாதாரணப் பெட்டி. இன்னொன்று, கவிழ்த்துப்போட்ட சிலந்தி மாதிரி எட்டு ஆண்டெனாவுடன் பல ஆயிரம் விலையில் ஒரு ராட்சசன். முதலாவதில் செய்வதற்கு அதிகம் இல்லை. பெயர் வைக்கலாம், பாஸ்வேர்டு போடலாம். இரண்டாவதில் நூறு பட்டன்கள். எந்தக் கருவிக்கு முன்னுரிமை, எந்தக் கதவைத் திறப்பது, எதை மூடுவது என்று எல்லாவற்றையும் நாமே முடிவுசெய்யலாம். செய்யத் தெரிந்தால்.

அட்டைப்பெட்டி மேல் அச்சடித்திருக்கும் எண்தான் முதல் பொறி. ‘ஏசி1200’ என்றால் 1200 எம்பிபிஎஸ் வேகம் என்று வாங்குபவர் நினைக்கிறார். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867. இரண்டையும் கூட்டிக் கொஞ்சம் தாராளமாக முழுமையாக்கினால் 1200. ஒரு செல்போன் ஒரு நேரத்தில் இந்த இரண்டில் ஒன்றில்தான் பொதுவாக இணைகிறது. இந்த எண்களும் ஏட்டளவு வேகங்கள்தான். வீட்டுக்குள் கிடைப்பது பல சமயம் பாதிதான் இருக்கும்.

இரண்டாவது பொறி பெட்டியின் பின்பக்கம் இருக்கிறது. மலிவான பல ரவுட்டர்களில் கம்பி செருகும் துளைகள் 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மேல் போகாதவை. மாதம்தோறும் 200 அல்லது 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டும் குடும்பம், இந்தப் பெட்டியை மாட்டிவிட்டு, சுமார் 95-ஐத் தாண்டவில்லையே என்று கம்பெனிக்கு போன்போட்டுத் திட்டிக்கொண்டிருக்கும். கம்பெனி மேல் தவறில்லை, துளை சிறியது. ‘கிகாபிட்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கியிருந்தால் பிரச்சினையே இல்லை.

தாராவி: நெரிசலே வியாதி

தாராவியில் வீடு சின்னது. சிக்னல் எட்டுமா என்ற கேள்வியே எழாது. ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ நின்று நின்று ஓடுகிறது. காரணம், அக்கம்பக்கம். செல்போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் திரை கொள்ளாமல் பெயர்கள் நீளும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு லைசன்ஸ் தேவையில்லை என்று மத்திய அரசு 2005-ல் அறிவித்தது. ஆனால் அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் மூன்றே மூன்றுதான்: 1, 6, 11. ஒரு சந்தில் இருக்கும் முப்பது ரவுட்டர்களும் இந்த மூன்று பாதைகளில்தான் முட்டிமோத வேண்டும். வைஃபை கருவி நாகரிகம் தெரிந்தது. வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். முப்பது பேர் பேசும் இடத்தில் காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும்.

இங்கே எட்டு ஆண்டெனா ராட்சசனை வாங்கிவைப்பது, எல்லாரும் கத்தும் சந்தையில் ஒலிபெருக்கியைத் தூக்குவது மாதிரி. பக்கத்து வீட்டாருக்கு இடைஞ்சல் அதிகமாகும். அவர் இன்னொரு ஒலிபெருக்கி வாங்குவார்.

மருந்து மலிவானது. 5 கிகாஹெர்ட்ஸும் உள்ள ஒரு சாதாரண ரவுட்டரை வாங்கி, செல்போனையும் டி.வி.யையும் அதில் இணைத்துவிட்டால் போதும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டத் திணறும். பெரிய வீட்டில் அது குறை. தாராவியில் அதுவே வரம். நம் சிக்னல் நம் வீட்டுக்குள் நிற்கும், பக்கத்து வீட்டுச் சிக்னல் பெரும்பாலும் பக்கத்து வீட்டோடு நிற்கும். பாதைகளும் அதிகம். 2018-ல் மத்திய அரசு இந்த அலைவரிசையில் கூடுதல் இடத்தை லைசன்ஸ் இல்லாமல் திறந்துவிட்டது.

கீழே குடித்தனம், மேலே தையல் பட்டறை என்றால் மட்டும் கதை வேறு. நடுவில் தகரம் இருந்தால் வைஃபை அலை அதில் பட்டுத் திரும்பிவிடும். எவ்வளவு விலை கொடுத்தாலும் தகரத்தை எந்த ஆண்டெனாவும் துளைக்காது. ஏணிப்படி வழியாக ஒரு லேன் கம்பியை மேலே கொண்டுபோய் அங்கே இன்னொரு சின்னப் பெட்டியை வைப்பதுதான் வழி.

தாராவிக்கே உரிய இன்னொரு வழக்கம், ஒரே இணைப்பை நாலு வீடு பங்கிட்டுக்கொள்வது. மாதச் செலவு நாலாகப் பிரிகிறது, நியாயம்தான். ஆனால் பாஸ்வேர்டு நாலு வீட்டுக்குத் தெரிந்தால் நாற்பது பேருக்குத் தெரிந்த மாதிரி. ஏதாவது விபரீதம் நடந்தால் போலீஸ் தேடிவருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். 2008-ல் சான்பாடாவில் நடந்தது அதுதான்.

மாட்டுங்கா: சுவரே எதிரி

கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள பழைய கட்டடங்களில் பல 1930களிலும் 40களிலும் எழுந்தவை. உயரமான கூரை, தடித்த செங்கல் சுவர், வாசலிலிருந்து சமையலறைவரை நீளும் நடை. வெயிலுக்கு அருமையான வீடுகள், வைஃபைக்கு அல்ல. ரவுட்டர் வாசல் பக்கம் இருக்கும். தாத்தா பாட்டி பின் அறையில் இருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து பேரன் வீடியோவில் கூப்பிட்டால், முகம் தெரிவதற்காக இருவரும் நடைக்கு வந்து நிற்கவேண்டும்.

இங்கேயும் பெரிய ரவுட்டர் பெரிதாகச் சாதிக்காது. ரவுட்டர் கத்துவது மட்டும் போதாது, செல்போன் பதில் சொல்வதும் ரவுட்டருக்குக் கேட்கவேண்டும். செல்போனின் குரல் சன்னமானது. அதனால்தான் திரையில் சிக்னல் முழுசாகத் தெரிந்தும் வீடியோ உறைந்துபோகிறது.

தீர்வு ‘மெஷ்’. ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டில் இயங்கும் இரண்டு மூன்று சிறு பெட்டிகளை அறைக்கு அறை வைப்பது. ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் அதே அலைவரிசையைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழ பாதியாகும். சுவரோரமாக ஒரு லேன் கம்பியை இழுத்துப் பெட்டிகளை இணைத்துவிட்டால் அந்த இழப்பு இல்லை. கம்பி கண்ணில் படக்கூடாது என்பது வீட்டின் அழகுக்கு நல்லது, வீடியோவுக்கு அல்ல.

மாட்டுங்காவின் நிஜமான கேள்வி வேறு. பெட்டி மக்கர் செய்தால் யார் பார்ப்பது? உயர்ரக ரவுட்டரை வாங்கி மாட்டிவிட்டுப் போவது விடுமுறைக்கு வந்த பிள்ளை. அவர் விமானம் ஏறிய மறுநாள் அது நின்றுபோனால், நூறு பட்டன்களில் எதைத் தட்டுவது என்று எழுபது வயதுக்காரர் தேடவேண்டும். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, அணைத்துவிட்டுப் போட்டால் சரியாகிவிடும் பெட்டிதான் உத்தமம்.

செம்பூர்: கான்கிரீட் கோட்டை

செம்பூரில் பழைய குடியிருப்புகள் இடிபட்டுக் கோபுரங்கள் எழும்புகின்றன. திலக் நகரில் இது கண்கூடு. புதிய கோபுரங்கள் பலவற்றில் செங்கல் சுவரே கிடையாது. அலுமினிய அச்சுக்குள் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றி எழுப்பும் சுவர்கள்தான். கான்கிரீட்டும் இரும்பும் சேர்ந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அடுத்த அறைக்குப் போவதே கஷ்டம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. வீடு கைக்கு வருவதற்கு முன்பே சுவருக்குள் குழாய் பதிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஒவ்வொரு அறைக்கும் ஒரு லேன் கம்பி வந்துவிட்டால் அப்புறம் எந்த ரவுட்டரும் நல்ல ரவுட்டர்தான். டைல்ஸ் நிறத்துக்கு நாலு முறை கடை ஏறி இறங்கும் குடும்பங்கள் இதற்கு ஒரு முறை வாய் திறந்தால் போதும்.

யாருக்கு வேண்டும் உயர்ரகம்?

அப்படியானால் உயர்ரக ரவுட்டர் யாருக்குமே வேண்டாமா? வேண்டும், சிலருக்கு.

ஒரே வீட்டில் மகள் வேலைக்கான நேர்காணலில் வீடியோவில் உட்கார்ந்திருக்கிறார். அதே நேரம் தம்பி கல்யாண வீடியோவை எங்கோ ஏற்றிக்கொண்டிருக்கிறான். மகளின் குரல் துண்டுதுண்டாகப் போகிறது. வேகம் போதவில்லை என்று அப்பா இன்னும் பெரிய திட்டத்துக்கு மாறுகிறார். நோய் அதுவல்ல. ரவுட்டருக்குள் ஒரு வரிசை இருக்கிறது. தம்பியின் மூட்டைகள் அதை அடைத்துக்கொள்கின்றன. மகளின் சின்னப் பொட்டலங்கள் மூட்டைகளுக்குப் பின்னால் நிற்கின்றன. டிக்கெட் கவுன்டரில் சில்லறையோடு நிற்பவரை முதலில் அனுப்பிவிடுவதுபோல, சின்னப் பொட்டலங்களை முன்னால் விடும் உத்தியை நிபுணர்கள் 2012 முதல் உருவாக்கி வந்தார்கள். அது 2018-ல் இண்டர்நெட் தர ஆவணங்களில் ஒன்றாகவும் வெளியானது. இது நல்லபடியாக உள்ள ரவுட்டர், வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்குக் கொடுத்த காசுக்கு மதிப்பு.

அதற்கு விலை உயர்ந்த பெட்டிதான் வேண்டும் என்பதும் இல்லை. 2002-ல் வந்த ஒரு சாதாரண லிங்க்ஸிஸ் ரவுட்டரின் மென்பொருளைக் கம்பெனி 2003-ல் வெளியிட நேர்ந்தது. அதை அடிப்படையாக வைத்து ஆர்வலர்கள் 2004-ல் தொடங்கியதுதான் ‘ஓப்பன்டபிள்யூஆர்டி’ என்ற இலவச மென்பொருள். அது ஒத்துப்போகும் சாதாரணப் பெட்டியைக்கூட உயர்ரகமாக மாற்றிவிடும். ஆனால் பொறுமையும் படிக்கும் ஆர்வமும் வேண்டும். தவறினால் பெட்டி செங்கல்லாகிவிடும்.

வேறு சில உயர்ரக வசதிகள் இங்கே வீண். வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவையும் கம்ப்யூட்டரையும் நேரடியாகத் திறக்க ‘போர்ட் ஃபார்வர்டிங்’ என்ற வசதியைச் சொல்லி விற்பார்கள். உலகத்தில் பழைய வகை இண்டர்நெட் முகவரிகள் சுமார் 430 கோடிதான். பற்றாக்குறையால் பல கம்பெனிகள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. சால் முழுவதற்கும் வாசலில் ஒரே தபால்பெட்டி இருப்பதுபோல. அப்போது வெளியிலிருந்து வரும் கடிதம் நம் அறைக்கு வராது. தனி முகவரி தருவீர்களா என்று கம்பெனியிடம் கேட்டுவிட்டுத்தான் அந்த வசதிக்குக் காசு கொடுக்கவேண்டும்.

வைஃபை 6ஈ, வைஃபை 7 என்று பெரிய எண் பார்த்து வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. அவற்றின் சிறப்பே 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான். இந்தியாவில் அதன் கீழ்ப்பகுதியை லைசன்ஸிலிருந்து விடுவிக்கும் வரைவு விதிகளே 2025 மே மாதம்தான் வெளியாயின. முன்கூட்டியே வாங்கியவர்கள், போடாத ரோட்டுக்குக் கார் வாங்கியவர்கள்.

பூட்டும் சாவியும்

எளியதோ உயர்ரகமோ, இரண்டுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று. ரவுட்டர் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதற்கு இரண்டு பாஸ்வேர்டுகள் உண்டு. ஒன்று வைஃபையில் சேர. இன்னொன்று பெட்டியையே நிர்வகிக்க. முதலாவதை மாற்றும் பலர் இரண்டாவதைத் தொடுவதே இல்லை. அது தொழிற்சாலையிலிருந்து வந்தபடி ‘அட்மின், அட்மின்’ என்றே கிடக்கும்.

2016-ல் ‘மிராய்’ என்ற கிருமி செய்ததெல்லாம், இப்படிப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளைக் கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் போட்டுப்பார்த்ததுதான். லட்சக்கணக்கான பெட்டிகள் திறந்துகொண்டன. அந்தப் படையால் அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் தடுமாறின. மூன்று இளைஞர்கள் 2017-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2017 ஜூலையில் நம் நாட்டிலேயே பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் ஆயிரக்கணக்கான மோடம்கள் இதே பலவீனத்தால் ஒரு கிருமியிடம் சிக்கி முடங்கின. பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று நிறுவனம் கேட்டுக்கொண்டது. 2018 மே மாதம் வெளிச்சத்துக்கு வந்த இன்னொரு கிருமி 54 நாடுகளில் சுமார் 5 லட்சம் ரவுட்டர்களில் குடியேறியிருந்தது.

இங்கேதான் எளிய ரவுட்டருக்கும் உயர்ரக ரவுட்டருக்குமான நிஜமான கணக்கு தெரிகிறது. எளிய பெட்டியில் கதவுகள் குறைவு, மறந்து திறந்துவைப்பதும் குறைவு. ஆனால் மலிவான மாடல்களுக்குப் பழுதுநீக்கும் புது மென்பொருள் சில வருடங்களில் நின்றுபோகலாம். உயர்ரகத்தில் மென்பொருள் நீண்டகாலம் வரலாம். ஆனால் கதவுகள் அதிகம், தெரியாதவர் கையில் எல்லாமே ஓட்டை. பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் இதற்குச் சட்டமே போட்டுவிட்டது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு கூடாது, எத்தனை காலம் மென்பொருள் வரும் என்பதைக் கம்பெனி வெளிப்படையாகச் சொல்லவேண்டும். இங்கே அந்தக் கேள்வியை வாங்குபவர்தான் கேட்டாகவேண்டும்.

வாங்கும்முன், மாட்டியபின்

• முதலில் கம்பெனி கொடுத்த பெட்டியையே வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில் வைத்துப் பாருங்கள். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், மீன்தொட்டி பக்கம் வேண்டாம். பல வீடுகளில் செலவு இதோடு முடியும்.

• புதிதாக வாங்கினால் நான்கு விஷயங்கள் போதும்: 5 கிகாஹெர்ட்ஸ், கிகாபிட் துளை, டபிள்யூபிஏ3 பாதுகாப்பு, எத்தனை வருடம் மென்பொருள் வரும் என்ற உறுதி.

• கம்பெனி பெட்டிக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் வைத்தால் அதை ‘ஆக்சஸ் பாயின்ட்’ நிலையில் வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் எஜமானராகச் சண்டை போடும்.

• மாட்ட வரும் கேபிள்காரர் உங்கள் செல்போன் நம்பரையே பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போனால் அன்றைக்கே மாற்றுங்கள். நிர்வாகப் பாஸ்வேர்டையும் சேர்த்து. இரண்டையும் ஒரு தாளில் எழுதி வீட்டிலேயே பத்திரப்படுத்துங்கள்.

• ‘டபிள்யூபிஎஸ்’ பட்டனை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணைப் பல கருவிகளில் அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடிக்கலாம் என்பது 2011-லேயே அம்பலமானது.

• விருந்தாளிக்கும், கேமரா, டி.வி. போன்ற கருவிகளுக்கும் ‘கெஸ்ட்’ வைஃபை கொடுங்கள். உயர்ரக ரவுட்டரில் தெரு தெருவாகப் பிரித்துச் செய்யும் வேலையை எளிய ரவுட்டரில் இந்த ஒரு பட்டன் பெரும்பாலும் செய்துவிடும்.

• வீட்டுக் கம்ப்யூட்டரில் கிருமி இருப்பதாகச் சந்தேகமா? மத்திய அரசு 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது.

ஆக, தாராவியின் அறைக்கும் செம்பூரின் கோபுரத்துக்கும் ஒரே பெட்டி பொருந்தாது. பெரும்பாலான வீடுகளுக்கு எளிய ரவுட்டரும், சுவர் தடுக்கும் இடத்தில் ஒரு கம்பியும் போதும். கவனித்துக்கொள்ள வீட்டில் ஒருவர் இருந்து, அதற்கு வேலையும் இருந்தால் மட்டுமே உயர்ரகம். 2008-ல் மும்பையைச் சுற்றி வந்தவர்கள் ஆண்டெனா எத்தனை, விலை எவ்வளவு என்று பார்க்கவில்லை. பூட்டு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தார்கள்.